பெரிய திரையில் எழுத்து பொடியாகவோ கலங்கலாகவோ தெரிகிறதா? ஸ்கேலிங்கைச் சரிசெய்வது இப்படி

4கே மானிட்டர் வாங்கி மாட்டிய அன்று வால்பேப்பரும் யூடியூபும் பளிச்சென்று இருக்கும். மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தால்தான் சங்கதி தெரியும். ஒரு சாஃப்ட்வேரில் மெனு எழுத்து பொடிப்பொடியாக, மூக்கை ஒட்டிக்கொண்டு படிக்கிற அளவுக்குச் சிறுத்துப் போயிருக்கும். இன்னொன்றில் எழுத்து பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் ஓரமெல்லாம் கலங்கியிருக்கும். மூன்றாவதில் ஒரு பெட்டி திறக்கும், அதில் ‘ஓகே’ பட்டனே இருக்காது, கீழே எங்கோ வெட்டுப்பட்டுப் போயிருக்கும். யாரைக் கேட்டாலும் ‘ரெசல்யூஷனைக் குறைச்சிடுங்க’ என்பார்கள்.

அதை மட்டும் செய்யாதீர்கள். 4கே திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 என்று மொத்தம் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன, அவை பேனலில் நிரந்தரமாகப் பதிந்தவை. ரெசல்யூஷனை 1920×1080 என்று குறைத்தால் கம்ப்யூட்டர் அதில் நாலில் ஒரு பங்கைத்தான் அனுப்பும், மிச்சத்தை மானிட்டர் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய கூர்மை மொத்தமும் போய்விடும், அதுவும் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருந்த சாஃப்ட்வேர்களிலும் சேர்த்தே போய்விடும். ரெசல்யூஷன் எப்போதும் முழு அளவில் இருக்க வேண்டும். எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை ஸ்கேலிங் பார்த்துக்கொள்ளும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி, பொடியாகத் தெரிவதும் கலங்கலாகத் தெரிவதும் ஒரே கோளாறு இல்லை. நேரெதிரான இரண்டு கோளாறுகள், மருந்தும் நேரெதிர். விண்டோஸில் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் திறக்கும்போதே ‘ஸ்கேலிங்கை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சிஸ்டத்திடம் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சொல்லாவிட்டால், அது பழைய திரை என்று நினைத்துக்கொண்டே சின்னதாகத் தன்னை வரையும், விண்டோஸ் அந்தப் படத்தை அப்படியே பிடித்து இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுவும் இருக்கும். 2007-இல் வந்த விஸ்டா காலத்திலிருந்தே இந்த இழுப்பு வேலை நடக்கிறது. பொடியாகத் தெரிகிற சாஃப்ட்வேர் வேறு ரகம்: ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது. வாக்கை நம்பி விண்டோஸ் அதைத் தொடாது, ஆகவே எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் கண்ணுக்கு எட்டாது.

தமிழில் வேலை செய்பவர்களுக்குக் கலங்கல்தான் பெரிய தொல்லை. ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினாலும் சொல்லின் வடிவத்தை வைத்துப் படித்துவிடலாம். நமக்கோ ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் அகலத்தில் தலைக்கு மேல் நிற்கும் புள்ளிதான் க-வுக்கும் க்-குக்கும் வித்தியாசம். இழுத்துப் பெரிதாக்கும்போது அந்தப் புள்ளி எழுத்தின் மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும் அல்லது சாம்பல் பூத்துக் காணாமல் போகும். ‘பட்டம்’ ‘படடம’ ஆகிவிடும். ண-வில் எத்தனை சுழி, ன-வில் எத்தனை சுழி என்று எண்ணிப் பார்க்க வேண்டிவரும். பில்லில் ஆள் பெயர் அடிப்பவருக்கும் ப்ரூஃப் பார்ப்பவருக்கும் இது பிழையில்தான் போய் முடியும்.

முதலில் கேபிளையும் டிவியையும் பாருங்கள்

செட்டிங்ஸைத் தோண்டுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. கலங்கலாகத் தெரியும் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அதை போனுக்கு அனுப்பி, எழுத்து இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். (வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அதுவே அமுக்கிக் கலக்கிவிடும்.) போனிலும் கலங்கலாக இருந்தால் தப்பு சாஃப்ட்வேர் பக்கம். போனில் எழுத்து கூர்மையாக இருந்தால் கம்ப்யூட்டர் சரியாகத்தான் வரைந்திருக்கிறது, கெடுப்பது ரெசல்யூஷனோ கேபிளோ திரையோதான். இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் விண்டோஸ் செட்டிங்ஸில் சுற்றுபவர்கள் நிறையப் பேர்.

மானிட்டருக்குப் பதில் 43 இன்ச் 4கே டிவியை மாட்டியிருப்பவர்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். டிவிகள் வீடியோவுக்காகச் செய்தவை, நிறத் தகவலைக் குறைத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. வெள்ளையில் கறுப்பு எழுத்து ஓரளவு நன்றாக இருந்து, நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து அடித்துப் பார்த்தால் மட்டும் சாயம் போன மாதிரி கசிந்தால் காரணம் அதுதான். டிவியின் மெனுவில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலே பல டிவிகளில் சரியாகிவிடும். திரையின் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி மறைந்திருந்தால் அது ஓவர்ஸ்கேன், படத்தின் அளவு என்கிற இடத்தில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ மாதிரி ஒரு பெயரில் அதை நிறுத்த வழி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். டிவியின் ‘ஷார்ப்னெஸ்’ஸையும் இறக்கிவிடுங்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வருவது அதனால்தான்.

கேபிளைப் பொறுத்தவரை, எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே வந்தால் நொடிக்கு 30 ஃப்ரேம்தான் கிடைக்கும், மவுஸ் இழுபறியாக நகரும். 60 வேண்டுமென்றால் கம்ப்யூட்டர், கேபிள், திரை மூன்றும் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

எத்தனை சதவீதம் வைப்பது

திரை பெரிது என்பதால் மட்டும் பிரச்சினை வருவதில்லை, ஒரு இன்ச்சுக்குள் எத்தனை பிக்சல் அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. விண்டோஸுக்கு இன்ச்சுக்கு 96 பிக்சல் என்றால் 100%. நாம் பழகிய 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் இன்ச்சுக்கு ஏறக்குறைய 92, அதனால்தான் இத்தனை வருடம் ஸ்கேலிங் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தோம். 27 இன்ச் 4கே-இல் அது 163. அதாவது 100%-இல் விட்டால் எல்லாமே முன்பு பார்த்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலான அளவில்தான் தெரியும். 32 இன்ச் 4கே-இல் 138, 43 இன்ச் 4கே-இல் 102தான். ஆகவே 43 இன்ச் டிவி மேஜைமேலேயே இருந்தால் 100%-மே போதும், ஆனால் அதைத் தள்ளிச் சுவரில் மாட்டித்தான் பார்ப்பீர்கள் என்பதால் 125, 150 என்று ஏற்றத் தோன்றும். 27 இன்ச்சுக்கு 150 அல்லது 175. 32-க்கு 125 அல்லது 150. வெள்ளெழுத்து வந்தவர்கள் ஒரு படி கூட வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடம் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் பாருங்கள். 4கே-இல் 150% வைத்தால் 2560×1440 திரையில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு அடங்கும், 200% வைத்தால் பழைய ஃபுல் எச்டி அளவுதான். எக்ஸெலில் கூடுதல் நெடுவரிசைகள் தெரிய வேண்டும் என்பதற்காக மானிட்டர் வாங்கியவர் 200% வைத்தால் வாங்கிய காரணமே அடிபட்டுப் போகும். ஆனால் பழைய சாஃப்ட்வேர் மட்டுமே ஓட்டுபவருக்கு 200% ஒரு நல்ல தேர்வு, ஏனென்றால் ஒன்றரை மடங்கு இழுப்பதைவிடச் சரியாக இரண்டு மடங்கு இழுப்பது கொஞ்சம் சுத்தமாக வரும்.

செய்முறை சுலபம். டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ திறங்கள். திரைகள் இரண்டு இருந்தால் மேலே 1, 2 என்று கட்டங்கள் தெரியும், எந்தத் திரையை மாற்றப் போகிறோமோ அதைக் கிளிக் செய்யுங்கள். ரெசல்யூஷனில் ‘ரெக்கமெண்டட்’ என்று எழுதியிருப்பது தேர்வாகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ‘ஸ்கேல்’ என்ற இடத்தில் சதவீதத்தை மாற்றுங்கள். மாற்றிய கையோடு சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பல சாஃப்ட்வேர்கள், சைன் இன் செய்த நேரத்தில் இருந்த அளவையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும், ஸ்கேலை மாற்றியதும் அவை கலங்குவதைப் பார்த்துவிட்டு ‘இது சரிவராது’ என்று பழைய அளவுக்கே திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

அதே பக்கத்தில் ‘கஸ்டம் ஸ்கேலிங்’ என்று ஒரு கட்டம் இருக்கும், 100 முதல் 500 வரை எந்த எண்ணையும் போடலாம். போடாமல் இருப்பதே நல்லது. 137, 160 மாதிரி எண்களில் பழைய சாஃப்ட்வேர்களின் கோடுகளும் கட்டங்களும் பிசிறடிக்கும், தவிர அது எல்லாத் திரைக்கும் ஒரேயடியாகப் பொருந்திவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் அங்கேயே அதை நிறுத்தி சைன் அவுட் செய்யும் இணைப்பு இருக்கிறது. மற்றதெல்லாம் சரியான அளவில் இருந்து எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றால் விண்டோஸ் 11-இல் ‘அக்சசிபிலிட்டி’க்குள் ‘டெக்ஸ்ட் சைஸ்’ இருக்கிறது, அதை மெதுவாக ஏற்றுங்கள். பழைய சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

எழுத்து மெலிந்து தெரிகிறது என்றால் ஸ்டார்ட்டில் ‘கிளியர்டைப்’ என்று தேடி, வருகிற ஐந்தாறு மாதிரிகளில் கண்ணுக்கு இதமானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள், வேலை முடிந்தது.

சாஃப்ட்வேருக்குள் வழி இருக்கிறதா?

சிஸ்டத்தைச் சரியாக வைத்த பிறகும் ஒன்றிரண்டு சாஃப்ட்வேர் அடம் பிடித்தால், முதலில் அதன் உள்ளேயே தேடுங்கள். உள்ளிருந்து செய்யும் மாற்றம்தான் எப்போதும் சுத்தமாக வரும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், விஎஸ் கோட் போன்றவற்றில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் போதும், கண்ட்ரோலும் பூஜ்யமும் சேர்த்தால் பழைய அளவு.

படம் திருத்தும் ஜிம்ப் 2.10-இல் மெனு எழுத்து சரியாக இருந்து கருவிப் படங்கள் மட்டும் சின்னதாக இருந்தால் ‘எடிட்’, ‘ப்ரெஃபரன்சஸ்’, ‘இன்டர்ஃபேஸ்’, ‘ஐகான் தீம்’ என்று போய் அளவைப் பெரிதாக்கலாம். 2025-இல் வந்த 3.0 அடியோடு புதிய அடித்தளத்துக்கு மாறிவிட்டதால் பெரிய திரையில் இயல்பாகவே நன்றாக நடந்துகொள்கிறது, முடிந்தால் அதற்கு மாறிவிடுங்கள். லிப்ரே ஆபீஸில் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘வியூ’ என்று போனால் ஐகான் அளவு கிடைக்கும். ஃபோட்டோஷாப்பின் இன்றைய பதிப்புகளில் ‘ப்ரெஃபரன்சஸ்’, ‘இன்டர்ஃபேஸ்’ பக்கத்தில் ‘யூஐ ஸ்கேலிங்’ இருக்கிறது, மாற்றிவிட்டு மூடித் திறக்க வேண்டும். 2012-இல் வந்த சிஎஸ்6-ஐ இன்னும் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, அவர்கள் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ரைட் கிளிக் வைத்தியம்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம், நிதானமாகச் செய்யுங்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு, அதாவது 2018-இல் வந்தது, அதற்குப் பிந்தைய எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

சாஃப்ட்வேரை முழுவதுமாக மூடுங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்னம் ஒளிந்திருந்தால் அங்கேயும் மூடுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் அதன் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். ஒரு ஃபோல்டர் திறந்து உண்மையான ஃபைல் தேர்வாகி நிற்கும். அதன்மேல் மறுபடி ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’. மேலே உள்ள தாவல்களில் ‘காம்பாட்டிபிலிட்டி’. அதன் கீழ்ப்பகுதியில் ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்ற பட்டன் (டிபிஐ என்பது இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்கிற அதே கணக்குதான்). அழுத்தினால் இன்னொரு சின்னப் பெட்டி வரும், அதன் அடியில் ‘ஓவர்ரைடு ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்’ என்று டிக் போடும் இடம். டிக் போட்டதும் கீழே உள்ள பட்டியல் உயிர்பெறும், அதில் ‘அப்ளிகேஷன்’, ‘சிஸ்டம்’, ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ என்று மூன்று.

எழுத்து பொடியாக இருக்கிற சாஃப்ட்வேருக்கு ‘சிஸ்டம்’ தேர்ந்தெடுங்கள். ‘நீ கொடுத்த வாக்கு செல்லாது, இனி நானே இழுத்துப் பெரிதாக்குகிறேன்’ என்று விண்டோஸ் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும், ஆனால் படிக்க முடியும். சிஎஸ்6-க்கு இது ஒத்துவரும், படத்தின் நுணுக்கத்தைத் திருத்துபவர்களுக்கு மட்டும் பிடிக்காது, ஏனென்றால் படமும் சேர்ந்தே இழுபடும்.

ஏற்கெனவே கலங்கலாக இருக்கிற சாஃப்ட்வேருக்கு ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’. இதில் விண்டோஸ் முடிந்த படத்தை இழுப்பதில்லை. சாஃப்ட்வேர் ‘இந்த இடத்தில் இந்த எழுத்தை வரை’ என்று கேட்கும் அந்த நொடியிலேயே அதைப் பெரிய அளவில் வரைந்து கொடுத்துவிடுகிறது, ஆகவே எழுத்து கூர்மையாக வரும். தமிழ்ப் புள்ளிகள் திரும்பி வந்து உட்காருவதை இங்கே கண்ணால் பார்க்கலாம். விபி6-இல், அதாவது விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர்கள் இன்னும் எத்தனையோ கடைகளில் ஓடுகின்றன, விபி6 1998-இல் வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி விண்டோஸின் பழைய முறையில் எழுத்தை வரைபவற்றுக்கு இது கைகண்ட மருந்து. எழுத்தைத் தானே வேறு வழியில் வரைந்துகொள்ளும் சாஃப்ட்வேர்களில் ஒரு வித்தியாசமும் தெரியாது, சிலவற்றில் ஐகான்களோ கோடுகளோ இடம் மாறி நிற்கும். அப்படியானால் பழையபடி டிக்கை எடுத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

‘அப்ளிகேஷன்’ என்பதை வேறு வழியில்லாதபோது மட்டும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஒதுங்கிக்கொள்ளும், எழுத்து கூர்மையாக, ஆனால் பொடியாக வரும். சாஃப்ட்வேருக்குள்ளேயே எழுத்தளவை ஏற்றும் வழி இருந்தால் மட்டும் இது பிரயோஜனம். இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு: சில வரைகலை சாஃப்ட்வேர்களில் கிளிக் செய்வது ஓர் இடம், கோடு விழுவது வேறு இடமாக இருக்கும், அங்கே இதைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு பெட்டியிலும் ‘ஓகே’ கொடுத்து சாஃப்ட்வேரைத் திறங்கள். ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்துகிறார்கள் என்றால் ‘சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்’ வழியாகப் போய் இதையே செய்தால் எல்லோருக்கும் பொருந்தும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிய ஆப்களுக்கு ‘காம்பாட்டிபிலிட்டி’ தாவலே இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

எதற்கு எதைப் போடுவது என்று குழப்பமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரிடம் கேளுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போய், நெடுவரிசைகளின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து ‘செலக்ட் காலம்ஸ்’ கொடுத்தால் பட்டியலில் ‘டிபிஐ அவேர்னெஸ்’ இருக்கும். அதில் டிக் போடுங்கள். உங்கள் சாஃப்ட்வேருக்கு நேரே ‘அன்அவேர்’ என்று இருந்தால் அது வாக்கே கொடுக்காத ரகம், இழுபட்டுக் கலங்கும், ‘என்ஹான்ஸ்டு’ முயலுங்கள். ‘சிஸ்டம்’ என்றால் ஒரு திரைக்கு மட்டும் ஒழுங்காக இருக்கும். ‘பெர் மானிட்டர்’ என்றால் எல்லாத் திரைக்கும் தன்னை மாற்றிக்கொள்வேன் என்கிறது. அப்படிச் சொல்லிவிட்டும் பொடியாகத் தெரிந்தால் வாக்குத் தவறிய ஆசாமி அதுதான்.

ஜாவாவில் எழுதிய சாஃப்ட்வேர்களில் ஒரு சூட்சுமம். 2017-இல் வந்த ஜாவா 9-இலிருந்துதான் விண்டோஸில் பெரிய திரையை அது புரிந்துகொள்கிறது. ஜாவா 8-ஐ வைத்து ஓடுபவை பொடியாகத்தான் தெரியும். அவற்றின் ஷார்ட்கட்டில் செட்டிங்கை மாற்றியும் அசையவில்லை என்றால், உண்மையில் ஓடுவது ஜாவாவின் ‘பின்’ (bin) ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஜாவாடபிள்யூ’ (javaw) என்ற ஃபைல். மேலே சொன்ன வைத்தியத்தை அந்த ஃபைலுக்குச் செய்யுங்கள். சில சாஃப்ட்வேர்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே தனியாக ஒரு ஜாவாவை வைத்திருக்கும், அதைக் கண்டுபிடித்துச் செய்ய வேண்டும்.

லேப்டாப்பும் மானிட்டரும் சேர்ந்திருந்தால்

15.6 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப் 125%-இல், பக்கத்தில் 27 இன்ச் 4கே 175%-இல் என்று வைத்திருப்பீர்கள். லேப்டாப்பில் கூர்மையாக இருந்த ஜன்னலை மானிட்டருக்கு இழுத்தால் கலங்கும், அல்லது இழுக்கும்போது பாதி வழியில் திடீரென்று ஊதிப் பெரிதாகும். திரைக்குத் திரை ஸ்கேலிங் வேறாக இருக்கலாம் என்பதே 2013-இல் விண்டோஸ் 8.1-உடன்தான் வந்தது, அதற்கு முன் எழுதப்பட்ட சாஃப்ட்வேர்களுக்கு இப்படி ஒரு நிலைமை வரும் என்றே தெரியாது.

டாஸ்க் மேனேஜரில் ‘சிஸ்டம்’ என்று காட்டியவை, சைன் இன் செய்தபோது எது பிரதானத் திரையோ அதன் அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் மானிட்டரை மாட்டுங்கள், ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ஸில் அதைத் தேர்ந்து ‘மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே’ கொடுங்கள், அப்புறம் சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். இனி அந்த சாஃப்ட்வேர் பெரிய திரையில் சுத்தமாகவும் லேப்டாப்பில் சுமாராகவும் தெரியும். வேலை நடக்கும் திரையில் நன்றாக இருந்தால் போதாதா?

ஆபீஸுக்கு வந்த பிறகு மானிட்டரை மாட்டுபவர்கள், தினமும் சைன் அவுட் செய்ய முடியாது என்றால், முன்பு பார்த்த அதே ‘ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ பெட்டியின் மேல்பாதியில் ‘ப்ரோக்ராம் டிபிஐ’ என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டு ‘ஐ ஓப்பன் திஸ் ப்ரோக்ராம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சைன் இன் நேரத்து அளவை விட்டுவிட்டு, திறக்கும் நேரத்து அளவை சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு திரைக்கும் ஒரே சதவீதம் வைப்பது என்று ஒரு முரட்டு வழி இருக்கிறது. ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு இழுப்பதால் வரும் கலங்கல் நின்றுவிடும். ஆனால் ஃபுல் எச்டி லேப்டாப்பில் 150% வைத்தால் 1280×720 அளவுக்கு இடம் சுருங்கிவிடும், மெயில் பார்க்க மட்டும் லேப்டாப் திரை என்றால் ஓடிவிடும். வேர்ட், எக்ஸெல் மட்டும் இரண்டு திரைக்கு நடுவே தடுமாறினால் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘ஜெனரல்’ பக்கத்தில் பல திரைகளுக்கான தேர்வு ஒன்று இருக்கிறது. தோற்றத்துக்கு முன்னுரிமை, ஒத்துப்போவதற்கு முன்னுரிமை என்று இரண்டு, இப்போது இருப்பதை விட்டு மற்றதற்கு மாற்றிப் பாருங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் பழைய சர்வருக்குள் போனால் எல்லாம் பொடியாகத் தெரிகிறதா? அந்த ஜன்னலின் தலைப்பட்டையில் இடது ஓரத்துச் சின்னத்தைக் கிளிக் செய்தால் வரும் மெனுவில் ‘ஜூம்’ இருக்கிறது.

‘ஓகே’ பட்டனைக் காணோம்

எழுத்து பெரிதாகி, பெட்டி பெரிதாகாமல் நின்றால் இப்படி ஆகும். பெட்டியின் அகல உயரத்தைப் பிக்சலில் கல்வெட்டாக எழுதி வைத்த சாஃப்ட்வேர்களில் சகஜம். அவசரத்துக்கு: பெட்டிக்குள் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள், பெரும்பாலும் ‘ஓகே’தான் அது. எஸ்கேப் தட்டினால் ‘கேன்சல்’. டேப் கீயைத் தட்டிக்கொண்டே போனாலும் கண்ணுக்குத் தெரியாத பட்டனுக்குப் போய்ச் சேரலாம், ஆனால் எதன்மேல் நிற்கிறோம் என்று தெரியாமல் என்டர் தட்டுவது ‘டெலீட்’ பட்டன் இருக்கும் பெட்டிகளில் ஆபத்து. ஜன்னலே திரைக்கு வெளியே கிடந்தால் ஆல்ட்டும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தி ‘மூவ்’ தேர்ந்து அம்புக்குறி கீகளால் உள்ளே தள்ளிக்கொண்டு வாருங்கள். நிரந்தரத் தீர்வுக்கு அந்த சாஃப்ட்வேருக்கு மட்டும் ‘சிஸ்டம்’ ஓவர்ரைடு போடுங்கள். அப்போது பெட்டி, எழுத்து, பட்டன் எல்லாம் ஒரே விகிதத்தில் இழுபடும், வெட்டுப்படாது.

லினக்ஸில்

உபுண்டுவில் ‘செட்டிங்ஸ்’, ‘டிஸ்ப்ளேஸ்’ பக்கத்தில் 100, 200 என்று முழு மடங்குகள் இருக்கும். இடைப்பட்ட 125, 150 வேண்டுமென்றால் அங்கேயே ‘ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங்’கை இயக்க வேண்டும். திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்டில் உள்நுழைந்திருந்தால் புதிய சாஃப்ட்வேர்கள் ஒழுங்காக வரும், பழைய எக்ஸ்11 முறையில் எழுதியவை கலங்கும். கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்களுக்கு 2022-இல் வந்த 5.26 பதிப்பிலிருந்து திரை அமைப்புப் பக்கத்திலேயே ‘லெகசி அப்ளிகேஷன்ஸ்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதில் அவை தாமே அளவை மாற்றிக்கொள்ளும்படி விட்டால் பெரும்பாலானவை கூர்மையாகிவிடும். உபுண்டுவில் வழக்கமாக வரும் க்னோம் டெஸ்க்டாப்பில் எனக்குப் பிடித்த குறுக்குவழி, ஸ்கேலை 100%-இலேயே விட்டுவிட்டு ‘ட்வீக்ஸ்’ கருவியில் எழுத்தின் ‘ஸ்கேலிங் ஃபேக்டர்’ஐ மட்டும் 1.4, 1.5 என்று ஏற்றுவது. ஐகான்கள் கொஞ்சம் சின்னதாக இருக்கும், ஆனால் எதுவும் கலங்காது.

எதுவுமே சரிவராவிட்டால்

எழுதிக் கொடுத்தவரிடம்தான் போக வேண்டும். ‘பெரிய ஸ்க்ரீன்ல சரியா தெரியல’ என்று சொன்னால் ரெசல்யூஷனைக் குறைக்கத்தான் சொல்வார். விண்டோஸின் பதிப்பு எண், திரையின் ரெசல்யூஷன், ஸ்கேல் சதவீதம், டாஸ்க் மேனேஜரில் ‘டிபிஐ அவேர்னெஸ்’ என்ன காட்டுகிறது, மூன்று ஓவர்ரைடுகளில் எதெது என்ன செய்தது, இவற்றை ஒரு ஸ்க்ரீன்ஷாட்டுடன் எழுதி அனுப்புங்கள். புதிய பதிப்பு அனுப்பினால் அதை எந்த ஃபோல்டரில் போடுகிறார் என்று கவனியுங்கள். ‘காம்பாட்டிபிலிட்டி’யில் நாம் செய்யும் மாற்றம் அந்த ஃபைல் இருக்கும் இடத்தோடு சேர்த்துத்தான் பதிவாகிறது, வேறு ஃபோல்டரில் நிறுவினால் பழைய டிக் அங்கே வராது, மறுபடி போட வேண்டியிருக்கும்.